கயிற்றில் விளையும் கல்லுமக்காய்: படன்னைக் காயலின் கணக்கு

டிசம்பரில் ஒரு மீட்டர் கயிற்றில் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகச் சிப்பிக்குஞ்சைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் அதே கயிற்றைத் தூக்க இரண்டு கைகளும் போதாது. பத்துக் கிலோவுக்குக் குறையாமல் பச்சை ஓட்டுச் சிப்பி அதில் அப்பிக் கிடக்கும். இடையில் தீவனம் போடவில்லை, மருந்து தெளிக்கவில்லை, மோட்டார் ஓட்டவில்லை. காயல் நீரில் மிதக்கும் நுண்பாசியைத் தானே வடிகட்டித் தின்று வளர்ந்த இறைச்சி அது.

கேரளத்தின் வட கோடியில், காசர்கோடு மாவட்டத்துப் படன்னை, செறுவத்தூர், வலியபறம்பு ஊர்களில் இது கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் வேலை. மலபாரில் இந்தச் சிப்பிக்குக் கல்லுமக்காய் என்று பெயர். கடுக்க என்றும் சொல்வார்கள். ஓட்டுக்குள் அரிசி மாவை அடைத்து ஆவியில் வேகவைத்து, மசாலா தடவிப் பொரித்தெடுக்கும் அரிக்கடுக்க அந்தப் பக்கத்தின் தேநீர்க் கடைகள் வரை பரவிய பலகாரம். ஆகவே விற்குமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே இல்லை. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970-களிலேயே சிப்பி வளர்ப்பை விழிஞ்ஞம், கோழிக்கோடு, சென்னைக்கு அருகிலுள்ள கோவளம் ஆகிய இடங்களில் தெப்பங்களில் செய்து பார்த்திருந்தது. திறந்த கடலில் தெப்பம் நிற்கவில்லை. அலை உடைத்தது, செலவும் மீனவக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அதே நுட்பத்தை அலையில்லாத காயலுக்கு இடம் மாற்றி, மூங்கில் பந்தலில் கயிறு கட்டலாம் என்று ஆனபோதுதான் அது மக்கள் கைக்கு வந்தது. 1996-97 வாக்கில் படன்னையில் பெண்கள் குழுக்கள் தொடங்கிய இந்த வளர்ப்பு, சில டன்னிலிருந்து பத்தே ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் டன் என்ற அளவை எட்டியது. அந்த ஏற்றம் அப்படியே நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பதில்தான், இதை ஊக்குவிக்க நினைக்கும் எவருக்கும் பாடம் இருக்கிறது.

பொதுவாக உதவி என்று வருவதெல்லாம் மூங்கிலுக்கும் கயிற்றுக்குமே வருகிறது. இந்தத் தொழிலில் மிக எளிதான பகுதி அந்தப் பந்தல்தான். குஞ்சு எங்கிருந்து வரும், தண்ணீர் எத்தனை நாள் உப்பாக இருக்கும், அறுவடை செய்த சிப்பியை அடுத்த நாள் என்ன செய்வது என்ற மூன்று இடங்களில்தான் குழுக்கள் உடைகின்றன.

முதலில் தண்ணீர். பச்சைச் சிப்பிக்கு ஆயிரத்துக்கு 27 முதல் 35 பங்கு உப்பும், 26 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பமும் ஏற்றவை. உப்பு குறைந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். மூடிய ஓட்டுக்குள் தின்னவும் முடியாது, மூச்சு விடவும் முடியாது என்பதால் அதற்கு மேல் தாங்காது. இந்த ஊர்களையொட்டிய கவ்வாயிக் காயலில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டிவிடும். வளர்ப்புக்குக் கிடைப்பது டிசம்பர் முதல் மே வரையான இடைவெளி மட்டுமே. குஞ்சு கட்டுவதில் மூன்று வாரம் தாமதமானால், அந்த மூன்று வாரத்தை மறுமுனையில் மழை ஈடு செய்து கொடுக்காது.

இடம் பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கையாலும் கண்ணாலும் சோதிக்க வேண்டும். வற்றம் (தாழ் ஓதம்) முழுதாக இறங்கிய நேரத்திலும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழம். ஏற்றத்திலும் வற்றத்திலும் நீர் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நொடிக்குக் கால் மீட்டர் அளவு ஓட்டம் நல்லது. பத்து மீட்டர் நூலில் ஒரு தேங்காய் மட்டையைக் கட்டி விட்டு, நூல் முழுதும் இழுபட எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் போதும்: நாற்பது நொடி என்றால் கணக்குச் சரி. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் அரை மீட்டருக்குள் கண்ணுக்கு மறைந்துவிடக் கூடாது. மறைந்தால் நீரில் வண்டல் அதிகம், சிப்பி உணவைவிடச் சேற்றைத்தான் வடிகட்டிக்கொண்டிருக்கும். நான்காவது, நீர் வரும் பக்கத்தில் எங்கே சாக்கடை விழுகிறது என்று கரையோரமாக நடந்து பார்ப்பது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சிப்பி ஒன்று மணிக்கு ஓரிரு லிட்டர் நீரைத் தன் வழியே செலுத்துகிறது. நீரில் உள்ள கிருமி அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகும்.

பந்தல் கட்டுவதில் சொல்ல அதிகமில்லை. ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரத்தில் மூங்கில் அல்லது சவுக்குக் கழிகளை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக அடி மண்ணில் உறுதியாக ஊன்றி, மேலே குறுக்கும் நெடுக்கும் கழி கட்டினால் நூறு கயிறுகள் தாங்கும் பந்தல் ஆகிவிடும். இரண்டு பந்தல்களுக்கு நடுவே படகு போக இடம் விட வேண்டும். அது படகுக்காக மட்டும் அன்று, நீரோட்டம் உள்ளே இருக்கும் பந்தலுக்கும் எட்டுவதற்காகவும்தான். கழிகளை மரம் துளைக்கும் கடற்புழு அரிக்கும் என்பதால், சென்ற பருவத்துக் கழியை அப்படியே நம்பக் கூடாது. அடித்தண்டைக் கத்தி முனையால் குத்திப் பார்த்து, மென்மையாக இறங்கினால் மாற்றிவிட வேண்டும். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் பந்தலின் சுமை உச்சத்தில் இருக்கும். சாய்ந்தால் அப்போதுதான் சாயும்.

குஞ்சு கட்டும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 12 முதல் 14 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிறு. சிப்பி ஏற வேண்டிய ஒரு மீட்டரோடு, பந்தலில் கட்டுவதற்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை கூடுதலாக வெட்டுகிறார்கள். கால் மீட்டருக்கு ஒரு முடிச்சு அல்லது ஒரு சிறு குச்சி. பாரம் ஏறிய பின் சிப்பிக் கொத்து மொத்தமாக வழுக்கிக் கீழே இறங்காமல் தடுப்பது இதுதான். பருத்திக் கொசுவலைத் துணியைக் கால் மீட்டர் அகலத்தில் நீளப் பட்டையாகக் கிழித்துத் தரையில் விரிக்கிறார்கள். நடுவில் கயிறு. அதைச் சுற்றிலும், கழுவிச் சுத்தம் செய்த குஞ்சை ஒரே சீராகப் பரப்பிப் பட்டையின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பருத்தி நூலால் தைத்து மூடுகிறார்கள். தையல் இறுகவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது: இறுகினால் குஞ்சு ஓட்டைத் திறக்காது, தொளதொளத்தால் எல்லாம் கீழ் முனைக்கு வந்து சேரும்.

நீரில் இறங்கியதும் குஞ்சு தன் காலிலிருந்து பற்றுநார்களைச் சுரந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் பருத்தித் துணி மக்கி உதிர்ந்துவிடும். அதற்குள் பிடி விழுந்திருக்க வேண்டும். விலை குறைவு என்று செயற்கை இழை வலையைப் பயன்படுத்துவது பெரிய தவறு. அது மக்காது, வளரும் சிப்பியை உள்ளேயே நெருக்கிக் கொன்றுவிடும். கயிற்றில் சிப்பி உள்ள மேல் முனை, வற்றம் இறங்கிய பின்னும் நீருக்குள் இருக்க வேண்டும். கீழ் முனை தரையிலிருந்து அரை மீட்டராவது மேலே நிற்க வேண்டும். தரையைத் தொட்ட கயிற்றில் நண்டு ஏறும், சேறு அடைக்கும்.

எவ்வளவு குஞ்சு? 15 முதல் 25 மில்லிமீட்டர் நீளமுள்ளதாக, மீட்டருக்கு 500 முதல் 750 கிராம் வரை. நிறையக் கட்டினால் நிறைய விளையும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கயிற்றின் மேற்பரப்புக்கு ஓர் எல்லை உண்டு. 25 மில்லிமீட்டர்க் குஞ்சு ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறையும் என்று வைத்தால், 600 கிராமில் நானூறுக்கு மேல் இருக்கும். அறுவடையில் ஒன்று 35 கிராம் என்று கொண்டால் பத்துக் கிலோவுக்கு 285 சிப்பி போதும். மிச்சம் வழியில் உதிர்வதற்கும் சாவதற்கும் விட்ட பங்கு. ஒரு கிலோ கட்டினால் விளைச்சல் இரட்டிக்காது. உள்ளடுக்குச் சிப்பிக்கு உணவு எட்டாமல் சிறுத்துப்போகும், வெளியடுக்கு தன் பாரத்தால் கொத்தாகப் பிய்ந்து விழும்.

எல்லாம் சரியாக நடந்தால் மாதம் பத்து மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்ந்து, ஐந்து மாதத்தில் 75 முதல் 80 மில்லிமீட்டர் ஆகும். ஒரு பந்தலில் நூறு கயிறு, அறுபது கிலோ குஞ்சு, கைக்கு வருவது ஏறக்குறைய ஒரு டன். கைகளுக்குப் பதிலாக அரைத் தானியங்கிக் குஞ்சு கட்டும் கருவியையும், கொத்தைப் பிரிக்கும் கருவியையும் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. பல குழுக்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்வதே அதற்குச் சரியான ஏற்பாடு.

இனி, கெட்டுப்போகும் இடங்கள்.

குஞ்சு முதல் சிக்கல். பொரிப்பகத்தில் குஞ்சு உண்டாக்கும் நுட்பம் தெரிந்ததுதான் என்றாலும், பந்தலுக்கு வருவது பெரும்பாலும் கடலோரப் பாறைகளில் தானாக ஒட்டி வளர்ந்த குஞ்சுதான். கோழிக்கோடு, கண்ணூர்ப் பக்கத்துப் பாறைகளில் தலைமுறைகளாக முங்கிச் சிப்பி எடுத்துப் பிழைக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். பாறையில் கட்டைவிரல் நகமளவு குஞ்சைச் சுரண்டி வளர்ப்பாளருக்கு விற்றுவிட்டால், சில மாதம் கழித்து அந்தப் பாறையில் எடுப்பதற்கு எதுவும் இருக்காது. ஓர் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு வருமானம் தரும் திட்டம் இன்னோர் ஊர் மீனவர் சோற்றில் கைவைக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. இந்த மோதலைப் பேசாமல் பந்தல் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போவது நியாயமாகாது. வழி உண்டு. வெளியே தெரியும் பாறையில் நெருக்கி ஒட்டியிருக்கும் குஞ்சு, அலையிலும் வெயிலிலும் எப்படியும் பெருமளவு அழியக் கூடியது. அந்த அடுக்கை மட்டும் எடுத்து, நீருக்கடியிலுள்ள முதிர்ந்த படுகையை அப்படியே விட்டுவிடலாம். எந்தப் பாறையில், எந்த வாரம், யார் எடுப்பது என்பதைச் சிப்பி எடுக்கும் மீனவர்களே முடிவு செய்து, அவர்களே விற்பனையாளர்களாகவும் இருக்க வேண்டும். நடுவில் வியாபாரி நின்றால் டிசம்பர் முதல் வாரத்தில் விலை ஏறும். வருவதும் முந்தாநாள் எடுத்த குஞ்சாக இருக்கும்.

எடுத்த குஞ்சை நீரில் மூழ்க வைத்து ஏற்றிச் செல்வது தவறு. வாளியிலுள்ள சிறிதளவு நீரில் உயிர்வளி தீர்ந்து எல்லாம் மூச்சடைத்துச் சாகும். ஈரச் சாக்கில் போட்டு, நிழலில், அவ்வப்போது கடல்நீர் தெளித்துக் கொண்டு வந்தால் ஒரு நாள் தாங்கும். வந்ததும் வாய் திறந்து கிடப்பதைத் தட்டிப் பார்த்து, மூடாததை எறிந்துவிட வேண்டும். ஒரு சாக்கில் செத்தவை பத்தில் ஒன்றைத் தாண்டினால் அந்தச் சாக்கையே வாங்காமல் இருப்பது நல்லது. அழுகல் மற்றதையும் கெடுத்துவிடும்.

அடுத்தது நெரிசல். காயலில் ஒரு மூலையில் நல்ல விளைச்சல் என்று தெரிந்ததும் எல்லாரும் அங்கேயே ஊன்றுகிறார்கள். முதல் வரிசைப் பந்தல் நீரிலுள்ள நுண்பாசியை வடிகட்டிவிட, பின் வரிசைக்கு வெறும் நீர் போகிறது. ஓட்டம் தளர்வதால் சிப்பிக் கழிவும் வண்டலும் அடியில் படிகின்றன. ஆண்டுக்கு ஆண்டு ஆழம் குறைகிறது. ஒருநாள் கயிற்று முனை தரையைத் தொடுகிறது. ஒவ்வொரு குழுவும் தன் பந்தலைச் சரியாகத்தான் கட்டியிருக்கும், ஆனாலும் எல்லாருக்கும் நட்டம். தனி ஒருவரால் தீர்க்க முடியாத சிக்கல் இது. காயலுக்கு எத்தனை பந்தல் என்று ஊராட்சியும் மீன்வளத் துறையும் சேர்ந்து எல்லை வகுத்து, மீன்பிடி வலைக்கும் படகுக்கும் வழி ஒதுக்கி, சில ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றிக் கொடுத்தால்தான் தீரும்.

ஓட்டின் மேல் கொட்டலசு என்ற சிற்றுயிர் ஒட்டுவது, சேற்று நண்டு ஓட்டை உடைப்பது, கட்டிய முதல் வாரத்தில் மீன்கள் குஞ்சைக் கொத்திப் போவது இவையெல்லாம் எதிர்பார்க்க வேண்டியவை. மீன் தொல்லை உள்ள இடத்தில் பந்தலைச் சுற்றி முதல் மாதம் பழைய வலையைக் கட்டுகிறார்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது கோடைமழை. ஏப்ரல் நடுவில் இரண்டு நாள் கனமழை பெய்தால் மேல்நீர் நன்னீராகிவிடும். உப்பு நீர் கனமானது, அடியில் தங்கும். ஆகவே ஆழம் இருக்கும் இடத்தில் கயிற்றைத் தாழ்த்திக் கட்டினால் காப்பாற்ற முடியும். அதற்கு உப்பு குறைவது தெரிய வேண்டும். கையடக்க உப்புமானி ஒன்றைக் குழு வைத்திருந்து, காலையில் மேல்நீரிலும் அடிநீரிலும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து நோட்டில் எழுதினால் போதும். இவ்வளவு சிறிய செலவு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் பெரிதாகத் தெரியாது. ஒரு டன் சரக்கைக் காப்பாற்றுவது அதுதான்.

அறுவடைக்குப் பின் வருவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கயிற்றிலிருந்து பிரித்த சிப்பியைக் கழுவி, வடிகட்டிக் கிருமி நீக்கிய கடல்நீர்த் தொட்டியில் 24 மணி நேரம் வைத்தால், குடலிலுள்ள மண்ணையும் பாக்டீரியாவையும் தானே வெளியேற்றிவிடும். தொட்டியில் குவியலாகப் போட்டால் அடியில் உள்ளது ஓட்டைத் திறக்காது. மெல்லிய அடுக்காகத் தட்டில் பரப்பி, தரையிலிருந்து சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அப்போதுதான் வெளியேறிய அழுக்கை மறுபடியும் உறிஞ்சாது. நேரடியாக உண்ணத் தகுந்த சிப்பி என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் அளவு, நூறு கிராம் இறைச்சியில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா பொதுவாக 230-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது. நல்ல தொட்டியில் ஒரு நாள் வைத்தால் மிதமான மாசுள்ள நீரிலிருந்து வந்த சரக்கை இந்த அளவுக்குள் கொண்டு வரலாம்.

ஆனால் சில நுண்பாசிகள் உண்டாக்கும் நஞ்சு தொட்டியில் ஒரு நாளில் போகாது, சமைத்தாலும் அழியாது. 1997-ல் விழிஞ்ஞத்தில் பாறைச் சிப்பி உண்ட ஏழு பேர் இறந்தார்கள். ஐந்நூறு பேர் அளவில் மருத்துவமனை சென்றார்கள். தமிழ்நாட்டிலும் 1981-ல் சிப்பி இறைச்சி உண்டு மூவர் இறந்திருக்கிறார்கள். வளர்ப்புச் சிப்பியில் நேர்ந்தவை அல்ல இவை. ஆனாலும் நஞ்சுக்கு அந்த வேறுபாடு தெரியாது. கடலோ காயலோ நிறம் மாறினால் அறுவடையை நிறுத்துவது, பருவத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது மாதிரியைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவது, சோதனைச் செலவைக் குழுவின் தலையில் கட்டாமல் அரசே ஏற்பது: இந்த மூன்றும் இல்லாமல் சிப்பி வளர்ப்பை ஓர் ஊரில் தொடங்கி வைப்பதே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

விற்பனையிலும் மழையே கடிகாரம். மே மாதத்துக்குள் எல்லாரும் எடுத்தாக வேண்டும் என்பதால் எல்லாச் சரக்கும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை சரிகிறது. உயிர்ச் சிப்பியை நெடுநாள் வைக்கவும் முடியாது. ஆவியில் வேகவைத்து இறைச்சியைப் பிரித்தால், மொத்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கிடைக்கும். அதைக் குளிரூட்டி வைத்தால் மழைக்காலத்தில் விற்கலாம். பத்துப் பந்தலுக்கு ஒரு வேகவைக்கும் பாத்திரம், ஓர் உறைபெட்டி, ஒரு சுத்திகரிப்புத் தொட்டி என்று பொதுவில் வைத்துக்கொண்டால் பேரம் பேசும் பலம் குழுவின் பக்கம் வரும். மிஞ்சும் ஓடு சுண்ணாம்புக்குப் போகும்.

இதைத் தமிழ்நாட்டுக் கரைக்கு அப்படியே தூக்கி வர முடியாது. கிழக்குக் கரையில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே தொடக்கம் சனவரிக்குத் தள்ளிப் போகும். முட்டுக்காடு போன்ற சிறு கழிமுகங்களில் கோடையில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஓதம் நின்றால் நீர் சூடேறி, உப்பு மிகுந்து, வளர்ச்சி நின்றுவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் சிப்பி என்றாலே பாறையில் முங்கி எடுக்கும் பழுப்புச் சிப்பிதான். அங்கே குஞ்சும் உண்டு, வாங்கி உண்ணும் மக்களும் உண்டு. ஆனால் அலை தாங்க முடியாத அளவு கடுமையானது, பந்தல் நிற்க அமைதியான நீர் குறைவு.

முட்டுக்காடு போன்ற கழிமுகங்களுக்கு ஆளிச் சிப்பி (ஆய்ஸ்டர்) இன்னும் பொருத்தமாக இருக்கலாம். உப்பு ஏறி இறங்குவதைக் கல்லுமக்காயைவிட நன்றாகத் தாங்கக் கூடியது அது. அதன் வளர்ப்பு முறை தூத்துக்குடியின் காரப்பாடு ஓடையில் 1970-களிலேயே செய்து காட்டப்பட்டது. காலி ஆளி ஓடுகளில் துளையிட்டு, ஒரு சாண் இடைவெளியில் ஐந்தாறு ஓடுகளை மெல்லிய நைலான் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டால் நீரில் மிதக்கும் இளங்குஞ்சு தானே வந்து ஒட்டிக்கொள்ளும். பாறையைச் சுரண்ட வேண்டியதில்லை, யாரோடும் மோதல் இல்லை. ஒன்று மட்டும் முக்கியம்: குஞ்சு ஒட்டும் வாரத்துக்குச் சற்று முன்புதான் ஓடுகளை இறக்க வேண்டும். முன்கூட்டியே இறக்கினால் கொட்டலசும் பாசியும் இடத்தைப் பிடித்துவிடும். இந்த முறைதான் பின்னர் கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் பெண்கள் குழுக்களிடம் போய்ச் சேர்ந்தது.

2020-ல் தொடங்கிய மத்திய அரசின் பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டம் சிப்பி வளர்ப்புக்கும் மானியம் வகுத்தது: பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60. நல்ல உதவி. ஆனால் குஞ்சு வாங்கும் பணம் நவம்பர் கடைசியில் கையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் வரும் பணத்துக்கு அந்தப் பருவத்தில் வேலையே இல்லை; அதற்குள் குழு வட்டிக்காரரிடம் போயிருக்கும். நீரின் மேல் எழுத்துப்பூர்வமான உரிமையும் தேவை. பத்திரம் இல்லாத பந்தலைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது, இரவில் கயிறு திருடுபோனால் புகார் கொடுக்கவும் இடமில்லை. புதிதாகத் தொடங்கும் ஊரில் முதல் ஆண்டு பந்தலே வேண்டாம். உப்பும் ஆழமும் ஓட்டமும் வாரம் ஒருமுறை அளந்து எழுதுவதற்கு இரண்டு பெண்களுக்குச் சம்பளமும், பத்தே பத்துச் சோதனைக் கயிறும் கொடுத்தால், அடுத்த ஆண்டு எத்தனை பந்தல், எந்தத் தேதியில் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.